முத்துராணியின் வாய்ப்பூட்டு

திருநெல்வேலி டவுணில் ஒரு சேதி நாலு ரத வீதியையும் சுற்றி வர ஒரு காலைப்பொழுது போதும். தேரை இழுக்க ஆயிரம் பேர் வேண்டும். சேதியை இழுக்க ஒரு டீக்கடையும் ஒரு பூக்கடையும் இருந்தால் ஆயிற்று. வித்தியாசம் ஒன்றுதான். கிளம்பின அதே தேர்தான் நிலைக்குத் திரும்பும். சேதி திரும்பி வரும்போது அதைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

இரண்டு ஆடிக்கு முன்னால் அப்படிச் சுற்றிய சேதி இது. கீழரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற முத்துராணி, அம்மனுக்கு வாய்ப்பூட்டு நேர்ந்திருக்கிறாளாம். கோயில் கொடைத் திருவிழாவில் உதட்டுக்குக் குறுக்கே வெள்ளி அலகு குத்திக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் நடந்து போவார்களே, அந்த வாய்ப்பூட்டு. மற்றவர்களுக்கு அது அரைநாள் காரியம். முத்துராணிக்கு இரண்டு வருஷம். அதுவும் உதட்டில் இல்லை. பல்லுக்குப் பல் வெள்ளி பதித்து, கம்பி கோத்து, அம்மனுக்கு உகந்த சிவப்பும் மஞ்சளும் கட்டியிருக்கிறாள். முறுக்கு தொடுவதில்லை, அல்வா தொடுவதில்லை, கஞ்சிதான் ஆகாரம். அவள் கையால் முகூர்த்தச் சேலை வாங்கினால் தட்டிப்போகிற கல்யாணம் கூடி வந்துவிடும். எத்தனை நாளில் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. பூக்கடையில் நாற்பத்தெட்டு நாள் என்றார்கள். டவுண் பஸ் கண்டக்டர் ஒருவர் பதினைந்தே நாள் என்றார். அவருக்கு எதிலும் அவசரம்.

சரிபார்ப்பது என்று இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியவர் கடை முதலாளி அப்பாத்துரை அண்ணாச்சி. கல்லாவில் இருந்த அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி காரியம் வே. நான் என்னத்தச் சொல்ல? ரெண்டாவது மாடி, முகூர்த்தப் பட்டு. லிப்ட் இருக்கு, பைய ஏறிப் போங்க."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை; மாடி எண்ணை மட்டும் தெளிவாகச் சொன்னார். கீழே சுடிதார் பிரிவில் நின்ற எப்சிதான் உடைத்துப் பேசினாள். அவள் முத்துராணியோடு பத்து வருஷமாக நிற்கிறவள்.

"வாய்ப்பூட்டுமில்ல, ஒரு எழவுமில்ல. அது பல்லு நேராக்குத கம்பி. எனக்கு எப்படித் தெரியுங்கியளா? டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனதே நான்தாம்லா."

ஆக, வதந்தி பொய். விசாரணை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு பல் கம்பி எப்படி அம்மன் நேர்ச்சையாயிற்று என்பதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதாது. அதற்கு முத்துராணியின் கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முத்துராணிக்கு ஊர் கருப்பந்துறை. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் மற்ற முகத்துக்குச் சற்று முன்னாலேயே எங்கேயும் போய்ச் சேர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'தேங்கா துருவி'. பேர் வைத்தவனுக்கு இப்போது ஒரு பல்கூட இல்லை என்பது அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல். ஆனால் அந்தப் பெயர் அவள் வலது கைக்கு ஒரு வேலையைக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. சிரிப்பு வருவதற்கு அரை நொடி முன்னால் கை வந்து வாய்மேல் நிற்கும். கடையில் வேலைக்குச் சேர்ந்தபிறகு அது இன்னும் நேர்த்தியானது. கையில் விரித்த சேலை இருக்குமல்லவா, முந்தானையோடு சேர்த்து வாயை மூடிக்கொள்வாள். பார்க்கிறவர்கள் முந்தானை வேலைப்பாட்டைக் காட்டுகிறாள் என்று நினைத்து, "நல்லாத்தான் இருக்கு, எடுத்து வையி" என்பார்கள். இவளைச் சிரிக்க வைக்க ஒரு கோமாளியைக் கடையில் நிறுத்தினால் அண்ணாச்சிக்கு ஒரு நாளில் சரக்கு தீர்ந்துவிடும்.

கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் அதே வீதியில், கடைக்கு இரண்டு கடை தள்ளி ஸ்டுடியோ வைத்திருக்கும் கார்த்திகேசன். அன்றைக்கு அவர் முத்துராணியைக் குறைந்தது நூறு தடவை, "யம்மா, வாய மூடிக்கிட்டுச் சிரி" என்று சொல்லியிருப்பார். கெட்ட எண்ணத்தில் இல்லை; தொழில் அக்கறை. ஆனால் ஒரே ஒரு இடத்தில் அவர் அக்கறை பலிக்கவில்லை. அம்மி மிதித்து மெட்டி போடுகிற நேரம். மாப்பிள்ளை பேச்சிராஜ், மினிபஸ் ஓட்டுகிற மனுஷன், குனிந்த வேகத்தில் கூட்டத்தில் எந்தக் கால் யாருடையது என்று பார்க்காமல், மெட்டியை முத்துராணியின் அக்காள் விரலில் மாட்டப் போனார். அக்காள் "யய்யா, இது இல்ல, பக்கத்துக் காலு" என்று கத்த, முத்துராணி சிரித்தாள். அப்போது பார்த்து கேமரா விளக்கு பளிச்சென்று வெட்டியது.

அந்தப் படம் ஆல்பத்தில் வரவில்லை. இருபத்திமூன்றாவது பக்கத்தில் ஓர் இடம் மொட்டையாக இருந்தது. கேட்டதற்கு, "அது சரியா விழல தங்கச்சி. வேற ஒண்ணு எடுத்துத் தாரேன். என் கடன்" என்றார் கார்த்திகேசன். சரியாக விழவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று முத்துராணிக்குத் தெரியும். அவர் சொன்னது படத்தையல்ல.

அன்றிலிருந்து பதினேழு வருஷம், காலையில் ஸ்டுடியோவைக் கடக்கும்போது அவள் கேட்பாள்: "அண்ணே, என் போட்டோ?" அவர் சொல்வார்: "இருக்கு தங்கச்சி, மறக்கல." இருவருக்கும் அது வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஆல்பத்தில் அந்த இடம் மொட்டையாகத்தான் இருந்தது. பல்லைக் காட்டிச் சிரித்த படம் ஒன்று, அதே பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்பது முத்துராணிக்கு மனசுக்குள் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் இவளுக்கும் சிரிப்பு வரும், அப்புறம் கை வந்துவிடும்.

மகள் இசக்கிப்ரியாவுக்குப் பதிமூன்று வயது ஆனபோது பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை நடந்தது. தாயின் மூக்கு, தகப்பனின் காது எல்லாம் விட்டுவிட்டு, அந்த நான்கு பல்லை மட்டும் பத்திரமாக வாங்கி வந்திருந்தாள் பிள்ளை. சீட்டில் எழுதி அனுப்பினார்கள். எப்சி, தங்கள் சபையில் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு பல் டாக்டரைப் பற்றிச் சொன்னாள். பெயர் ஸ்வீட்லின். பல் டாக்டருக்கு வைக்கிற பெயரா என்று பேச்சிராஜ் கேட்டார்.

வண்ணார்பேட்டையில் மாடியில் இருந்த அந்த மருத்துவமனையில் டாக்டர் ஸ்வீட்லின் பிள்ளையை நாற்காலியில் சாய்த்து, கடிக்கச் சொல்லி, திறக்கச் சொல்லி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"நல்ல வயசுல கூட்டிட்டு வந்திருக்கீங்க. தாடை இன்னும் வளர்ந்துட்டிருக்கு. இப்போ கம்பி போட்டா பல்லு சொன்னபடி கேட்கும்."

"எனக்கு வேண்டாம்" என்றாள் இசக்கிப்ரியா. "ரயில் தண்டவாளம்னு கூப்பிடுவாளுவ."

"கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறாளுவ ளா" என்றாள் முத்துராணி.

"உனக்கென்ன, நீ சொல்லுவ. உனக்கும் அதே பல்லுதான? நீ போடு, நானும் போடுதேன்."

முத்துராணி வாய்மேல் கையை வைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை, கையுறையை மாற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு நாப்பத்திரண்டு வயசு டாக்டர்."

"அதுக்கென்ன? பல்லுக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது. ஈறும் எலும்பும் கெட்டியா இருந்தா எந்த வயசிலயும் நகர்த்தலாம். பிள்ளைக்கு ஆகிறதைவிட நாள் கூடும். உங்களுக்கு இடமில்லாம பல்லு நெருக்கிட்டு நிக்குது. மேல ரெண்டு பல்லை எடுத்து இடம் பண்ணணும். முதல்ல சுத்தம் செஞ்சு ஈறைப் பார்ப்போம்."

பிறகு டாக்டர் ஒரு தட்டை எடுத்து வைத்து, சேலை விரிக்கிறமாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினார். முத்துராணிக்குப் பிடித்துப்போனது. எதிர்ப்பக்கம் நின்று சரக்குப் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை. ஒன்று உலோகக் கம்பி: ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்னத் துண்டை ஒட்டி, குறுக்கே கம்பி ஓட்டி, ரப்பர் வளையம் மாட்டுவது, கெட்டி, விலையும் குறைவு. அடுத்தது பல் நிறத்திலேயே பீங்கான் துண்டு. வெளியே அவ்வளவாகத் தெரியாது, விலை கூடுதல், பார்த்துப் புழங்க வேண்டும். மூன்றாவது, கண்ணாடி மாதிரியான உறை. பல்லின்மேல் மாட்டினால் யாருக்கும் தெரியாது, சாப்பிடும்போது கழற்றி வைக்கலாம், எல்லா வாய்க்கும் ஒத்துவராது.

"இதத்தான் தாங்க" என்றாள் முத்துராணி, உறையைக் காட்டி. யாருக்கும் தெரியாது என்ற இடத்திலேயே அவள் மனசு நின்றுவிட்டது.

"ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயில இருக்கணும். தண்ணி தவிர எது குடிச்சாலும் கழட்டணும். எத்தனை டீ குடிப்பீங்க?"

முத்துராணி கூட வந்திருந்த எப்சியைப் பார்த்தாள். எப்சி கூசாமல் சொன்னாள்: "ஆறு டாக்டர். முதலாளி ஊர்ல இல்லன்னா எட்டு."

"அப்போ இது உங்க வாயில இருக்கிறதைவிட டம்ளர் பக்கத்துலதான் அதிக நேரம் இருக்கும். உங்களுக்குக் கம்பிதான்."

அன்றைக்கே தாய்க்கும் மகளுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. இருவருக்கும் ஒரே மாதிரிக் கம்பி. ரப்பர் வளையத்தின் நிறத்தைப் பிள்ளைதான் சொல்லும். பாதியில் ஒருத்தி கழற்றினால் மற்றவளும் கழற்றிவிடலாம். மூன்றாவது நிபந்தனையைச் சேர்த்தவள் இசக்கிப்ரியா. எப்படியும் அம்மா ஒரு மாசம் தாங்கமாட்டாள் என்பது அவள் கணக்கு.

பல்லைச் சுத்தம் செய்து, இரண்டு பல்லை எடுத்து, கம்பி ஏறியபோது ஆடி பிறந்திருந்தது. பிள்ளை கேட்ட நிறம் சிவப்பும் மஞ்சளும்; பள்ளி விளையாட்டு விழாவில் அவள் அணியின் நிறம். முதல் மூன்று நாள் முத்துராணிக்கு வாயைத் திறக்க முடியவில்லை. கன்னத்தின் உள்பக்கம் உராய்ந்து, டாக்டர் கொடுத்த மெழுகைத் துண்டுக்குமேல் ஒட்டிக்கொண்டு திரிந்தாள். கஞ்சிதான் இறங்கியது. கடையில் யாரோ பிறந்தநாளுக்கு அல்வா கொடுக்க, ஒட்டுகிற பண்டம் கூடாதென்று கையெடுத்துக் கும்பிட்டு விலகினாள். டவுணில் பிறந்து வளர்ந்த ஒரு பொம்பிளை சூடான அல்வாவைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புகிறாள் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பல் வைத்தியம் என்றா நினைப்பார்கள்?

அந்த மூன்றாம் நாள்தான் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து பேச்சித்தாய் என்கிற அம்மாள் கடைக்கு வந்தாள். மகளுக்கு மூன்று வருஷமாக வரன் தட்டிக்கொண்டே போகிறது. இந்தத் தடவை பேச்சு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சும்மா விலை பார்த்துப் போகலாமென்று வந்தவள்.

"முகூர்த்தப் பட்டு எங்கன இருக்கு தாயி?"

முத்துராணி பேச வாயைத் திறந்தாள். வலித்தது. மன்னிப்புக் கேட்கும் பாவனையில் இரண்டு கையையும் கூப்பி, பிறகு ஒரு விரலால் மேலே காட்டினாள். இரண்டாவது மாடி என்று அர்த்தம். ஆனால் பேச்சித்தாய் பார்த்தது வேறு: ஆடி மாசம், வாய்க்குள் வெள்ளி, சிவப்பு மஞ்சள் கட்டு, பேச்சு இல்லை, கும்பிட்ட கை, அதன்பின் மேலே போன விரல். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முத்துராணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மேலே போய், விலை பார்க்க வந்தவள் சேலையே எடுத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மகளுக்குப் பூ வைத்தார்கள்.

இதற்கப்புறம் சேதியைத் தடுக்க முத்துராணிக்கு இருந்த ஒரே கருவி வாய். வாய் ஆறினதும் அவள் வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னாள்: "யம்மா, இது பல்லு டாக்டர் போட்ட கம்பி. சாமிக்கில்ல. வேணும்னா வெலாசம் தாரேன்." அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "நேந்ததை வெளிய சொல்லக் கூடாதுல்லா, அதான் மறைக்குதா. எவ்வளவு அடக்கம் பாத்தியளா?"

அப்பாத்துரை அண்ணாச்சி இந்த நாட்டில் ஐம்பது வருஷம் வியாபாரம் செய்தவர். மேலே காட்டிய விரல் எத்தனை சேலை விற்கும் என்று அவருக்குத் தெரியும். முத்துராணியைச் சாதாச் சேலையிலிருந்து முகூர்த்தப் பட்டுக்கு மாற்றினார். அதோடு ஒரு நாற்காலியும் போடச் சொன்னார். அந்தக் கடையில் விற்கிற பெண்கள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கடையில் நிற்கிறவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று அரசாங்கம் சட்டமே கொண்டுவந்திருந்தது. அந்தச் சட்டத்தை அண்ணாச்சி சட்டம் போட்டு மாட்டாத குறைதான்; நாற்காலி மட்டும் வரவில்லை. சட்டம் வாங்கித் தராத நாற்காலியை அம்மன் ஒரே வாரத்தில் வாங்கிக் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, சாமின்னு சொல்லிச் சேலை வித்தா பாவம்லா?" என்றாள் முத்துராணி.

"நான் எங்கன சொன்னேன்? நீயும் சொல்லல, நானும் சொல்லல. அவங்களா நெனைக்காங்க. நெனைப்புக்கு நாம வரியா போட முடியும்?"

"அப்ப எப்சிக்கும் ஒரு நாற்காலி போடுங்க."

"அவ என்ன நேந்திருக்கா?"

"எனக்குச் சொத்தைப் பல்லு ரெண்டு இருக்கு அண்ணாச்சி" என்றாள் எப்சி பின்னாலிருந்து. "அத வச்சு ஒரு முக்காலியாவது போடக் கூடாதா?"

அண்ணாச்சி அவளைக் கீழே போகச் சொன்னார். ஆனால் மறு வாரம் கீழேயும் நான்கு பிளாஸ்டிக் முக்காலி வந்து சேர்ந்தது. முத்துராணி கேட்டுத் தரவில்லை என்றால் என்ன ஆகுமோ என்று அவருக்கே ஒரு சின்னப் பயம் பிடித்திருந்தது.

மாதம் ஒருமுறை கம்பியை இறுக்கப் போனபோது டாக்டர் ஸ்வீட்லின் கேட்டார்: "நீங்க கடையில என்ன சொல்றீங்க? இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு பல்லு நேராகணும்னு வரல, மகளுக்குக் கல்யாணம் ஆகணும்னு வர்றாங்க. நேத்து ஒரு அம்மா, கம்பி போட செவ்வாய்க்கிழமையா வெள்ளிக்கிழமையா எது விசேஷம்னு கேக்காங்க."

"நீங்க என்ன சொன்னிய டாக்டர்?"

"பல்லு விளக்கிட்டு வந்தா எல்லாக் கிழமையும் விசேஷம்னேன்."

தை மாதத்தில் ஒருநாள் முத்துராணிக்குப் போதும் என்று ஆகிவிட்டது. பாபநாசத்திலிருந்து வந்த ஒரு தம்பதி சேலைகூடப் பார்க்கவில்லை. பிள்ளை வரம் கேட்டு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை எழுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, நல்ல டாக்டராகப் பாருங்கள் என்று எப்சிக்குத் தெரிந்த விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்புவதற்குள் கடை அடைக்கிற நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து இட்லியைப் பிய்த்தபடி சொன்னாள்.

"நான் கழட்டிரப் போறேன் ளா. இது வேற எங்கேயோ போவுது."

இசக்கிப்ரியா உடனே எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இவ்வளவு நாளாக எதிர்பார்த்த வார்த்தை அது. ஆனால் பிள்ளை வாயைத் திறந்து பார்த்தபோது, முன்னால் நின்ற நான்கில் இரண்டு பின்வாங்கியிருந்தன. உதடு தானாக மூடியது. அவள் ஒருமுறை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"நீ கழட்டினா நானும் கழட்டணும்லா?"

"அதான பேச்சு."

"அப்ப நீ கழட்டாத" என்றாள் பிள்ளை. "சாமியா இருந்தா என்ன கொறைஞ்சு போச்சு? நாற்காலிதான் இருக்கே."

பேச்சிராஜ் சோற்றுத்தட்டிலிருந்து நிமிர்ந்தார். "எனக்கும் ஒரு வாக்குச் சொல்லு ராணி. ஆர்.டி.ஓ. ஆபீசுல வண்டிக்கு எஃப்.சி. ஆகணும்."

முத்துராணி சிரித்தாள். கை போய் வாயை மூடிக்கொண்டது. கழற்றுகிற பேச்சு அதோடு போயிற்று.

இசக்கிப்ரியாவுக்குப் பதினாறு மாதத்தில் கம்பி கழன்றது. முத்துராணிக்கு இருபத்திரண்டு மாதம் ஆகி, வைகாசியில் நாள் குறித்தார்கள். அண்ணாச்சி தூக்கிவாரிப் போட்டதுபோல் எழுந்தார்.

"ஆவணி முகூர்த்தம் முடியட்டுமே தாயி. மூணு மாசம் வாயில கெடந்தா என்ன, கனக்கவா போவுது?"

"பல்லு வந்து சேந்துட்டு அண்ணாச்சி. ஊர் வந்தப்புறம் பஸ்ல உக்காந்திருக்க முடியுமா?"

"நாற்காலி..." என்று இழுத்தார் அண்ணாச்சி.

"நாற்காலிய எடுத்திட்டுப் போங்க. நான் நின்னு பழகினவதான். எனக்கு ஒரு படம் எடுக்கணும்."

யாரிடமும் சொல்லாத விஷயம் அப்படி வாயிலிருந்து விழுந்துவிட்டது. என்ன படம் என்று அண்ணாச்சிக்குப் புரியவில்லை. சாமி படமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கழற்றிய அன்று டாக்டர் ஸ்வீட்லின் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். முத்துராணி நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று, வேறு யாருடைய வாய்க்குள்ளோ நுழைந்துவிட்டதுபோல் இருந்தது. டாக்டர் ராத்திரியில் போட ஒரு உறையைக் கொடுத்தார்.

"இதை விட்டுராதீங்க. பல்லுக்குப் பழைய இடம் நல்லா ஞாபகம் இருக்கும். ஏமாந்தா கிளம்பிப் போயிரும்."

மறுநாள் சாயங்காலம், கடையில் அனுமதி கேட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். கார்த்திகேசனுக்குத் தலை நரைத்திருந்தது. பாஸ்போர்ட் அளவுப் படத்தில்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முன்கதவுக் கண்ணாடியைத் துடைத்து, இரண்டு விளக்கையும் போட்டு, சட்டைப் பொத்தானைக்கூட மாட்டிக்கொண்டார்.

"சிரி தங்கச்சி. வாயத் திறந்தே சிரி."

வாய் திறந்து சிரி என்று கார்த்திகேசன் சொன்னதே முத்துராணிக்குச் சிரிப்பை மூட்டிவிட்டது. சிரித்தாள். கேமரா சொடுக்கியது. பார்த்தால், படத்தில் கண் இருந்தது, மூக்கு இருந்தது, அதற்குக் கீழே ஒரு கை.

"கைய எடு."

மறுபடி. மறுபடியும் கை. பதினேழு படம் எடுத்தார். பதினேழிலும் வலது கை, ஐந்து விரலும் சுத்தமாக, குறையில்லாமல் விழுந்திருந்தது. கையைப் பின்னால் கட்டச் சொன்னால் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வந்தால் கை அவிழ்ந்துகொண்டது.

"டாக்டர் பல்லைத்தான் நேராக்கியிருக்காங்க" என்றார் கார்த்திகேசன் பெருமூச்சோடு. "கைக்கும் ஒரு கம்பி போட்டிருக்கலாம்."

பிறகு அவர் மேசையின் இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பழைய காகித உறையை எடுத்தார். அதிலிருந்து ஒரு படம்.

"இத வச்சுக்க. என் கடன் தீந்துச்சு. எறிய மனசு வரல, இத்தன வருஷமா வச்சிருந்தேன். நான் எடுத்ததுல ஒண்ணு ரெண்டுதான் இப்படி விழுந்திருக்கு. அன்னைக்கு எனக்குப் புத்தியில்ல."

மெட்டிப் படம். குனிந்திருக்கிற பேச்சிராஜின் முதுகு, கத்துகிற அக்காள், நடுவில் முத்துராணி. நான்கு பல்லும் முன்னால் வந்து நிற்க, கண் மூடிப்போய், வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கை இல்லை.

முத்துராணி படத்தை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்க?" என்றாள் இசக்கிப்ரியா.

"நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றாள் முத்துராணி. படத்தை முந்தானையில் துடைத்து, பையில் வைத்தாள். "ஆனா அண்ணே, கடன் தீரல."

"அது எப்படி?"

"இது எனக்கு எடுத்த படம். அன்னைக்கே என் ஆல்பத்துல இருக்க வேண்டியது. என் பொருள என்கிட்டயே திருப்பிக் கொடுத்திட்டு கடன் தீந்துச்சுன்னா, அது எந்த ஊர் நியாயம்? வேற ஒண்ணு எடுத்துத் தாரேன்னுதான சொன்னிய?"

கார்த்திகேசன் மறுபடி கேமராவை எடுத்தார். பதினேழு வருஷத்தோடு இன்னும் இரண்டு வருஷம் கூடியிருந்தது, வாக்கு வாக்குதான்.

பிள்ளைதான் கண்டுபிடித்தாள். பையிலிருந்து படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தவள், "யம்மா, உன் கை எங்கன இருக்கு பாரு" என்றாள். ஒரு கால் அம்மியில். ஒரு கை, விழாமலிருக்கப் பேச்சிராஜின் தோளில். இன்னொரு கை அக்காளின் பிடியில். வாயை மூடக் கை மிச்சமில்லை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. அம்மிக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டியில் முத்துராணி ஒரு காலைத் தூக்கி வைத்தாள். இசக்கிப்ரியா ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ளத் தோள் இல்லாததால் மற்றக் கையால் விளக்குக் கம்பத்தைப் பிடிக்கச் சொன்னார் கார்த்திகேசன். பெட்டி ஆடியது, காலைப் பெட்டியிலிருந்து எடுத்து அந்தரத்தில் வைத்துப் பார்த்தாள். "ராணி, இந்தக் காலா அந்தக் காலா?" என்று இசக்கிப்ரியா தகப்பன் குரலில் கேட்டாள். முத்துராணி சிரித்தாள். பழைய படத்தில் சிரித்தமாதிரியே, கண் மூடி, வாய் முழுக்க, கை இரண்டும் கட்டுண்டு.

கார்த்திகேசன் சொடுக்கினார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். வயிறு குலுங்கியது, கேமரா குலுங்கியது. படத்தைப் பார்த்தால் மூன்று முத்துராணிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பல் எத்தனை வரிசை என்று எண்ண முடியவில்லை.

"ஆடிப்போச்சு தங்கச்சி" என்றார். இன்னொன்று எடுக்கலாமென்றால் அதற்குள் அவளுக்குக் கால் வலித்தது, கடைக்கும் நேரமாகிவிட்டது.

இதற்கிடையில் துடைத்த கண்ணாடிக் கதவு வழியாக இரண்டு பேர் உள்ளே பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை முத்துராணி முகூர்த்தப் பட்டுப் பிரிவுக்கு ஏறியபோது நாற்காலி அதே இடத்தில் இருந்தது. மேலே புது மெத்தைகூட. அண்ணாச்சி படியில் நின்று வழி விட்டார்.

"வாய்ப்பூட்டு நேர்ச்ச முடிஞ்சுட்டுன்னு சொல்லிட்டேன்" என்றார் தணிந்த குரலில். "இப்ப ஒத்தக் கால் தவமாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா தாயி?"

முத்துராணி ஒரு பட்டை எடுத்து விரித்தாள். முதல் ஆளாக வந்திருந்த ஒரு அம்மாள் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தக் கால் என்று தெரிந்துகொள்ள.

பத்தரை மணிக்கு டீ குடிக்கக் கீழே இறங்கினாள். இப்போது வாயில் கம்பி இல்லை. ஸ்டுடியோ வாசலில் கார்த்திகேசன் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். அவர் தூக்குவதற்கு அரை நொடி முன்னால் அவள் கை தூக்கிக்கொண்டது.

"அண்ணே," என்றாள் விரலுக்கு நடுவிலிருந்து, "என் போட்டோ?"

"இருக்கு தங்கச்சி, மறக்கல."